முன்கேட்

“முன்கேட்டத் தொறந்து வுடுங்க. அம்மாவ அந்த வழியாத்தான் தூக்கிட்டுப் போகணும்.”

பங்களா மெனேஜர் கிளைவ், வேனில் வந்திறங்கியவர்களுக்கு டிக்கட் கிழிப்பதை நிறுத்தினார். கீழே படியருகில், பங்களா வழக்கப்படி செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்தபடி நின்ற செல்லசாமி மாமா பலமாக இருமினார். ஜீவராணி திரும்பவில்லை. ‘பங்களாவுல எதையும் கேட்டு நிக்காத புள்ள, முன்கேட்டப் பத்தி வாயே தொறக்காத’ என்று சொல்லிச் சொல்லியே வளர்த்த அம்மா, தேயிலைத் தோட்டத்து லய வீட்டில் பெட்டிக்குள் கிடந்தாள்.

“அடடா, ராசம்மா செத்துட்டாளா?”

“எறந்துட்டாங்க. நேத்து, டிக்கோயா ஆஸ்பத்திரில.”

திருத்தியது அவருக்கு உறைக்கவில்லை. “கீழ்ப் பாதை இருக்குதானே?”

“போன மாசம் மூக்கன் தாத்தா பெட்டி அங்கதான் வழுக்கிச் சாக்கடைக் கான்ல வுழுந்துச்சு. மூடி கழண்டு மொகமெல்லாம் சேறு. எங்கம்மாவ அந்தப் பாதையில கொண்டு போக மாட்டேன்.”

“இவங்களுக்குச் சுத்திக் காட்டிட்டு வாறேன். நில்லும்மா.”

மயானம் பங்களாவுக்கு அந்தப் பக்கம். பங்களாவைப் பார்வைக்குத் திறந்த நாளிலிருந்து பிணங்களுக்கு முன்கேட்டு ரோட்டைப் பூட்டிவிட்டார்கள்.

உட்காரவும் வழியில்லை; நாற்காலிகளுக்குக் குறுக்கே கயிறு. அவளும் கூட்டத்தோடு நடந்தாள். விக்டோரியா ராணி காலத்துக் கட்டில். துரை சுட்ட மானின் தலை. நூற்றைம்பது வருடத்துக்கு முந்திய துரையின் மூத்திரச் சட்டிக்குக் கண்ணாடிப் பெட்டி, மேலே விளக்கு வேறு. ஒருத்தி அதைக் குனிந்து படமெடுத்தாள். கெம்பஸில் வரலாறு படித்தவள் ஜீவராணி. இந்த வீட்டைக் காட்டி ஒருவரும் பாடம் நடத்தாதது நல்லதாய்ப் போயிற்று.

புல்வெளியில் ஒரு சலவைக்கல் சமாதி. துரையின் நாய்க்கு. பெயர், பிறப்பு, இறப்பு எல்லாம் வெட்டியிருந்தது. எழுத்துக்குள் பாசி ஏறாமல் பழைய டூத்பிரஷால் தேய்ப்பது அம்மாவின் வேலை. முழங்காலில் உட்கார்ந்து தேய்ப்பாள்.

“இது செத்தப்போ தோட்டமே வேலை நிறுத்தி வந்துச்சாம்,” கிளைவ் இங்கிலீஷில் உருகினார். “முன்கேட்டிலிருந்து இங்கே வரைக்கும் தப்படித்து ஊர்வலம்! அவ்வளவு பாசமான ஜனங்கள்.”

வந்தவர்கள் ‘ச்சோ’ என்றார்கள்.

அவர்களை டீ குடிக்க அனுப்பிவிட்டு கிளைவ் அவளிடம் வந்தார். “சரி, ராசம்மாவுக்காகப் பாக்குறேன். அஞ்சு மணிக்குப் பொறகு கொண்டு வாங்க. விசிட்டர்ஸ் போயிருவாங்க. தப்படிக்கிறது மட்டும் வேணாம்.”

“அது போதுங்கய்யா,” என்றார் மாமா கீழேயிருந்து.

“நாய் எந்நேரம் வந்துச்சுங்க?”

“என்ன?”

“இல்ல, நாயையும் அஞ்சு மணிக்குப் பொறகுதான் கொண்டு வந்தாங்களா?”

கிளைவின் முகம் சிவந்தது. “ரெண்டு எழுத்துப் படிச்சா இப்பிடித்தான். ஒங்கம்மா ஒரு நாளு எதிர்த்துப் பேசினதில்ல, தெரியுமா?”

“தெரியும். அதான் நீங்க அவங்கள ‘செத்துட்டாளா’ன்னு கேட்டீங்க.”

அவள் படியிறங்கி நடந்தாள். போனில் தம்பி லோஜன் வந்தான்.

“மூணு மணிக்கே எடுப்போம். முன்கேட்டுப் பக்கமா. தப்புக்காரங்ககிட்டச் சொல்லு, பங்களாகிட்ட வந்ததும் நிறுத்துற வேலையெல்லாம் வேணாம்.”

“அக்கா, மெனேஜர் சரின்னாரா?”

“நீ சொல்லு.”

டிக்கட் வாங்கியவர்களுக்காக கேட்டில் ஒரு கதவு மட்டும் திறந்திருந்தது. மற்றதன் தாழ்ப்பாளைத் தூக்கினாள். துரு உள்ளங்கையில் அப்பியது. கதவை அகலத் தள்ளி, பூச்சாடி ஒன்றை இழுத்து அண்டைகொடுத்தாள். பின்னால் கிளைவ் யாரையோ கூப்பிட்டுக் கத்தினார்.

அவள் ரோட்டில் இறங்கினாள். கொஞ்ச நேரம் தன் காலடி மட்டும் கேட்டது. பிறகு கேட்டடியில், மற்றக் கதவுக்கும் அண்டைகொடுக்க, சரளைக்கல்லில் இன்னொரு பூச்சாடி இழுபடும் சத்தம். அதன் பின்னே, பங்களா வாசலிலிருந்தே, மாமாவின் செருப்புச் சத்தம்.