எழுதாமல் விட்ட வரியில் ஓர் ஊசிமுனை

1

இந்தக் கதை என் உள்ளத்தில் ஊற்றெடுத்ததல்ல. போனில் வந்த ஆர்டர். முதலிபாளையம் பக்கத்தில் ஒரு பனியன் கம்பெனி. பெயரைச் சொல்ல மாட்டேன், சொன்னால் அடுத்த ஆர்டர் வராது. அங்கே மனிதவள அதிகாரியாக இருக்கும் அருள்செல்வன்தான் அழைத்தார்.

"ஏனுங்க, ஒரு பக்கத்துக்கு ஒரு கதை வேணுங்க. எங்க டெய்லரம்மா ஒருத்தங்க, கையில ஊசி ஏறுனதுல பயந்துக்கிட்டு மெசின்ல உட்கார மாட்டேங்கறாங்க. டிரெய்னர் வெச்சுப் பயத்தைப் போக்கிக்கிட்டு இருக்கோமுங்க. அவங்க பயத்தை ஜெயிச்ச மாதிரி எழுதிக் குடுத்தீங்கன்னா சட்டம் போட்டுச் சுவத்துல மாட்டிருவோமுங்க. செவ்வாய்க்கெழமை பையர் ஆடிட்டுங்க, சரக்கு வாங்கற வெளிநாட்டுக்காரங்க வந்து பாப்பாங்க."

"ஜெயிச்சுட்டாங்களா?"

"ஜெயிச்சுருவாங்க. நீங்க எழுதுங்க."

ஜெயிப்பதற்கு முன்பே ஜெயித்த கதை, சனிக்கிழமைக்குள். சரி என்றேன். எழுத்தாளன் என்று சொல்லிக்கொண்டு திரிகிற ஆள் இப்படியா என்று நீங்கள் முகம் சுளிக்கலாம். தாராளமாகச் சுளியுங்கள். சவரம் செய்யும்போது நானும் அதைத்தான் செய்கிறேன்.

2

முதல் தொடக்கம்: "கிழக்கு வெளுத்தது. சித்ராதேவியின் கண்களில் நம்பிக்கை ஒளி வீசியது."

[அடித்துவிட்டேன். காலை ஏழே முக்காலுக்குக் கம்பெனி வேனில் ஏறுகிறவளின் கண்களில் தூக்கம்தான் இருக்கும்.]

இரண்டாம் தொடக்கம்: "மனித மூளை ஓர் அற்புதம்."

[இதையும் அடித்துவிட்டேன். யாருடைய மூளையைப் பார்த்து இப்படி எழுதுகிறார்களோ.]

மூன்றாம் தொடக்கம்: "காலை பத்தரை மணிக்கு ஓவர்லாக் மெசினில் ஊசி உடைந்தது. உடைந்து அவளுடைய"

[இது இப்படியே நிற்கட்டும். ஒரு டீ குடித்துவிட்டு வந்து முடிக்கிறேன்.]

3

டீ குடித்தாயிற்று. வாக்கியத்தை முடிக்கவில்லை. அதற்குப் பதிலாக அவள் யாரென்று சொல்லிவிடுகிறேன். எழுத முடியாத இடம் வந்தால் அறிமுகப் படலத்துக்குள் ஒளிந்துகொள்வது எங்கள் தொழிலில் பழைய பழக்கம்.

சித்ராதேவிக்கு முப்பத்தாறு வயது. உசிலம்பட்டிப் பக்கத்துக்காரி. திருப்பூருக்கு வந்தபோது கைமடி, அதாவது டெய்லருக்குத் துணி எடுத்துக் கொடுத்து, தைத்ததை அடுக்கி, பிசிறு வெட்டுகிற ஆள். நான்கு வருடம் நின்றே வேலை பார்த்து மெசினில் உட்கார்ந்தாள். அதற்குப் பிறகு பதினொரு வருடம் அந்த நாற்காலி அவளுடையது. ஊசி ஏறிய நாளிலிருந்து அவள் கீழ்த்தளத்தில் பிசிறு வெட்டுகிறாள், மறுபடி நின்றுகொண்டு. இருபது வயதுப் பெண்கள் "அக்கா, இதையும் வெட்டிருங்க" என்று போட்டுவிட்டுப் போகிறார்கள்.

லைனுக்கு, அதாவது மெசின் வரிசைக்கு, சூப்பர்வைசரான சென்னிமலை நல்ல மனிதர் என்று எல்லோரும் சொல்கிறார்கள். இங்கே யாரையும் திட்டாமல் வேலை வாங்குகிறவருக்கு அந்தப் பட்டம் சுலபமாகக் கிடைத்துவிடும். அவர் அவளிடம் மரியாதையாகவே சொன்னார். "திங்கக்கெழமை ஒரு நாள் பூரா மெசின் ஓட்டிக் காட்டுங்கம்மா. ஓட்டிட்டா டெய்லருங்க. இல்லைன்னா ஒண்ணாந்தேதி லிஸ்ட்டுல கைமடின்னு ஏத்திருவாங்க. அப்புறம் நான் ஒண்ணும் பண்ண முடியாதுங்க."

இன்னொரு விவரம். ஏற்றுமதிக் கம்பெனியில் ஊசி உடைந்தால் எல்லாத் துண்டுகளையும் கொண்டுவந்து காட்டினால்தான் புது ஊசி. துண்டுகளை ஒரு நோட்டில் டேப் போட்டு ஒட்டி, தேதியும் மெசின் நம்பரும் எழுதி வைப்பார்கள். ஒரு துண்டு குறைந்தாலும் லைன் நிற்கும். கடல் தாண்டி ஏதோ ஒரு குழந்தை அந்தச் சட்டையைப் போடும்போது குத்திவிடக் கூடாது. நியாயமான விதி. எனக்கு இளக்காரம் விதியின் மேல் இல்லை.

4

பயிற்சியாளர் கோயமுத்தூரிலிருந்து வந்தார். கழுத்தில் மைக், கையில் சுவரில் படம் காட்டும் கருவி. அவரைக் கேலி செய்ய ஒரு பக்கம் ஒதுக்கி வைத்திருந்தேன். எரிச்சல் என்னவென்றால், அவர் சொன்னதெல்லாம் சரி.

மூளைக்குள் பாதாம்பருப்பு அளவில் ஓர் இடம் இருக்கிறது. ஆபத்து என்று தோன்றியதும், நாம் யோசிப்பதற்கு முன்பே அது மணியை அடித்துவிடும். நெஞ்சு படபடக்கும், கை நின்றுவிடும். பயந்த இடத்தை விட்டு ஓடினால் உடனே ஒரு நிம்மதி வரும். அந்த நிம்மதிதான் விஷம். ஓடியதால் பிழைத்தோம் என்று மூளை கணக்குப் போட்டு, அடுத்த தடவை இன்னும் பலமாக மணியடிக்கும். ஆகவே கொஞ்சம் கொஞ்சமாகக் கிட்டே போ, நின்று பார், நினைத்த ஆபத்து வரவில்லை என்று மூளையே தெரிந்துகொள்ளட்டும். பழைய பயம் அழியாது, அதன் மேல் புதுப் பாடம் ஒன்று உட்காரும்.

[டீ குடிக்கப் போனபோது எனக்கும் பெரிய நிம்மதியாக இருந்தது. சும்மா சொல்லி வைக்கிறேன்.]

பத்துப் படி கொண்ட ஓர் ஏணி வரைந்து கொடுத்தார். முதல் படி ஊசியின் படத்தைப் பார்ப்பது. இரண்டாவது, ஊசியைக் கையில் பிடிப்பது. இப்படியே போய் எட்டாவது படியில் ஓடும் மெசினில் கழிவுத் துணி தைக்க வேண்டும். முதல் ஏழு படிகளையும் சித்ராதேவி ஒரே காலையில் ஏறிவிட்டாள். ஊசியை விரலிடுக்கில் சுழற்றிக்கொண்டே, "இதுக்கா சார் இம்புட்டுப் படம் போட்டீக?" என்று கேட்டாளாம்.

எட்டாவது படியில் நன்றாகத்தான் தைத்தாள். பதினொரு மணிக்குத் திடீரென்று கை மேலே போய்விட்டது. கால் பெடலில் இல்லை. உடம்பெல்லாம் வேர்வை. "மூணாவது படிக்குத் திரும்புங்க" என்றார் பயிற்சியாளர். மறுநாள் மூன்று மணிக்கு அதே. அதற்கும் மறுநாள் பத்து மணிக்கு. அவர் நோட்டில் "ஒத்துழைப்புப் போதாது" என்று எழுதிவிட்டுப் போய்விட்டார்.*

* பதினொன்று, மூன்று, பத்து. நானும்தான் இவற்றைக் குறித்துக்கொண்டேன். குறித்துக்கொள்வதற்கும் பார்ப்பதற்கும் எவ்வளவு தூரம் பாருங்கள்.

மீண்டும் முயல்கிறேன்: "ஊசி உடைந்தது. உடைந்து அவளுடைய இடது ஆள்காட்டி விரலில்"

[மின்விசிறி சத்தம் போடுகிறது. எழுந்து போய்ப் பார்க்க வேண்டும்.]

5

வெள்ளிக்கிழமை கேண்டீனில் இதுவரை எழுதியதை அவளிடம் வாசித்துக் காட்டினேன். தட்டில் தயிர்சாதத்தைப் பிசைந்துகொண்டே கேட்டாள். முடிந்ததும் கையைக் கழுவிவிட்டு வந்து எதிரில் உட்கார்ந்தாள்.

"விரல்லன்னு நிக்குதே, விரல்ல என்ன?"

"அது... அப்புறம் எழுதிக்கலாம்னு."

"மொதநா நான் சொல்ல வந்தப்பவும் அப்படித்தான சொன்னீக? அந்த எடம் வேணாம்மா, அதுக்கு அப்புறம் சொல்லுங்கன்னீக. என்னயப் பயந்தாங்கொள்ளின்னு கதை எழுத வந்துருக்கீக, ஒங்களுக்கு ஒரு வரி எழுத வரல."

ரத்தம் என்றால் எனக்கு ஆகாது என்று சொன்னேன். சிரித்தாள். இப்படி ஓர் இளக்காரத்தை நான் யார் முகத்திலும் பார்த்ததில்லை, என் வாசகர்கள் முகத்தில்கூட. இடது கையை மேசை மேல் நீட்டினாள்.

"பாருங்க."

நான் சுவரில் இருந்த சாப்பாட்டு நேரப் பலகையைப் பார்த்தேன்.

"விரலப் பாருங்க சார்."

பார்த்தேன். நகத்தின் நடுவில் மேலிருந்து கீழாக ஒரு கோடு. அவ்வளவுதான். கண் பலகைக்கே திரும்பப் பார்த்தது, பிடித்து நிறுத்தி வைத்தேன், கடைசியில் அதுவாகவே நின்றது.

"இப்ப எழுதுங்க. நான் இங்கிட்டுத்தான் இருப்பேன்."

எழுதினேன்: "ஊசி உடைந்தது. உடைந்து அவளுடைய இடது ஆள்காட்டி விரலில் நகத்தைத் துளைத்துக்கொண்டு இறங்கி, முனை எலும்பில் நின்றது."

"ம். அதுக்கு அப்புறம் என்னாச்சு? அதத்தான் ஒருத்தரும் கேக்கல."

எல்லோரும் ஊசியோடு நின்றுவிட்டோம். அவள் தொடர்ந்தாள், நான் எழுதினேன்.

ஊசி உடைந்ததும் சென்னிமலை ஓடிவந்தார். அவள் விரலில் துணியைச் சுற்றிவிட்டு, உடைந்த துண்டுகளைச் சேர்த்துப் பார்த்தார். "முனை எங்கீங்க?" என்றார். முனை இல்லை. லைன் நின்றது. நாற்பது பேரும் தரையில் குனிந்து தேடினார்கள். காந்தம் கட்டிய கோலால் கூட்டினார்கள். கூடையில் இருந்த துணிகளை ஒவ்வொன்றாக உதறினார்கள். இருபது நிமிடம் அவள் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். கடைசியில் யாருக்கோ தோன்றியது. பேக்கிங்கிலிருந்து நூர்ஜானைக் கூப்பிட்டார்கள். சட்டைக்குள் ஊசித் துண்டு இருக்கிறதா என்று பார்க்கும் டிடெக்டர், கைப்பிடி வைத்தது, அவள் பொறுப்பில் இருக்கிறது. அதைச் சித்ராதேவியின் விரலுக்கு மேல் பிடிக்கச் சொன்னார்கள்.

பீப் என்றது.

"கெடைச்சுருச்சுங்க!" என்றார் சென்னிமலை. லைன் முழுக்க ஒரே சந்தோஷம். இரண்டு பேர் கை தட்டினார்கள். அதற்குப் பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போகக் கார் வந்தது.

"ஊசி குத்துனது வலிதான் சார். அது போயிருச்சு" என்றாள் சித்ராதேவி. "முனை என் வெரலுக்குள்ள இருக்குன்னு தெரிஞ்சதும் நாப்பது பேரு சந்தோசப்பட்டாக பாருங்க. அந்தப் பீப்புச் சத்தம்தான் போக மாட்டேங்குது."

6

டிடெக்டர் ஒழுங்காக வேலை செய்கிறதா என்று மணிக்கு ஒருமுறை சோதிக்க வேண்டும். டெஸ்ட் பீஸ் என்று ஓர் அட்டை, உள்ளே ஒரு பொட்டு இரும்பு. மணியானதும் நூர்ஜான் அதை டிடெக்டரில் காட்டுவாள், அது லைன்வரை கேட்கும்படி பீப் என்னும். பத்து மணிக்கு, பதினொன்றுக்கு, மூன்றுக்கு.

பயிற்சியாளரின் ஏணி நல்ல ஏணி. வேறு சுவரில் சாய்த்துவிட்டார், அவ்வளவுதான். சாய்த்ததில் எனக்கும் பங்கு உண்டு. அந்த ஒரு வரியைத் தாண்ட என்னால் முடியாததால் நானும் ஊசியையே பிடித்துக்கொண்டு தொங்கினேன்.

கண்டுபிடித்தவள் நூர்ஜான். "அக்கா, நான் டெஸ்ட் பீஸ் வெக்கிறப்பத்தானுங்க உங்க கை நிக்குது" என்று சொல்லி அழுதாளாம். அன்று விரல் மேல் டிடெக்டரைப் பிடித்த கை அவளுடையது. பயிற்சியாளர் போனதிலிருந்து டீ இடைவேளையில் இருவரும் தாங்களே ஓர் ஏணி போட்டுக்கொண்டார்கள். முதல் நாள் நூர்ஜான் பேக்கிங்கின் மறுகோடியில் நின்று பீப் அடித்தாள். சித்ராதேவி படிக்கட்டில் நின்று, ஓடாமல், நெஞ்சு அடங்கும்வரை கேட்டாள். தினமும் ஒரு மேசை கிட்டே. வியாழக்கிழமை, டெஸ்ட் பீஸைச் சித்ராதேவியே பிடித்திருந்தாள். இதற்குப் பயிற்சிக் கட்டணம் கிடையாது, சுவரில் படமும் கிடையாது.

கடைசிப் படி மட்டும் பாக்கி. அதை என் கண் முன்னால் ஏறினாள். அந்த வெள்ளிக்கிழமையே நான்கு மணி டீக்கு நூர்ஜான் டிடெக்டரை எடுத்து வந்தாள்.

"வேண்டாமுன்னா நாளைக்குப் பாத்துக்கலாமுங்கக்கா."

"நாளைக்கு நாளைக்குன்னே ஒருத்தரு கதை எழுதிக்கிட்டு இருக்காரு. நீ பிடி."

இடது ஆள்காட்டி விரலை நீட்டினாள். டிடெக்டர் நகத்துக்கு மேல் வந்தது. நின்றது. முன்னும் பின்னும் போனது. சத்தம் இல்லை.

"இன்னொரு தடவ."

சத்தம் இல்லை.

"இல்லடி" என்றாள் சித்ராதேவி. "இல்லடி நூரு, ஒண்ணுமே இல்ல." ஆஸ்பத்திரியில் எடுத்துவிட்டார்கள் என்பது அவளுக்குத் தெரியும், எடுத்த முனையைச் சென்னிமலை வாங்கி வந்து நோட்டில் ஒட்டியதையும் பார்த்தவள். ஆனாலும் இப்போதுதான் அவள் விரலுக்கு அது தெரிந்தது. இருவரும் அழுதார்கள். நானும் சேர்ந்து அழுதேன். கேலி செய்யத் தோன்றவில்லை.

அப்போதுதான் அந்த வழியாக அருள்செல்வன் வந்தார். "சூப்பருங்க! அப்பக் கதை முடிஞ்சுதுங்க. எழுதிருங்க, இன்னைக்கே பிரிண்டுக்குக் குடுத்தர்லாம். மெசின்ல உட்கார்றதெல்லாம் ஆடிட் முடியட்டுமுங்க, பொறவு பாத்துக்கலாம்."

அவர் போனதும் சித்ராதேவி என் நோட்டின் மேல் கையை வைத்தாள்.

"ஆடிட்டு முடியிறதுக்குள்ள ஒண்ணாந்தேதி வந்துரும். நான் ஜெயிச்சுட்டேன்னு நீங்க எழுதிப்புட்டா அவுகளுக்கு அது போதும். என்னய எதுக்கு உட்கார வைக்கப் போறாக? கடைசி வரிய எழுதாதீக சார்."

7

இரண்டு முடிவுகள் கைவசம் உண்டு.

(அ) சுவருக்கு: "இன்று சித்ராதேவியின் முகத்தில் வெற்றிப் புன்னகை." அருள்செல்வனுக்கு இது பிடிக்கும்.

(ஆ) இலக்கியப் பத்திரிகைக்கு: அவள் கை மறுபடி நிற்கிறது, மெசின் ஆளில்லாமல் ஓடுகிறது, ஜன்னலில் ஒரு காக்கை. இதற்கு நாலு பேர் உச்சுக்கொட்டுவார்கள். அவளுக்கு நாற்காலி கிடைக்காது, காக்கைக்கு இடம் கிடைக்கும்.

இரண்டையும் கிழித்துவிட்டு, கடைசி வரி இல்லாத பக்கத்தைச் சனிக்கிழமை அனுப்பினேன். ஐந்து நிமிடத்தில் போன் வந்தது.

"ஏனுங்க, கடைசி வரி எங்கீங்க?"

"சித்ராதேவிகிட்ட இருக்குங்க. திங்கக்கிழமை எட்டரை மணிக்கு மெசின்ல உட்கார வையுங்க, கிடைச்சுரும்."

"ஆடிட் வருதுங்க!"

"ஒரு துண்டு குறைஞ்சா லைன் நிக்கணும்னு நீங்கதானுங்க விதி போட்டிருக்கீங்க."

அவரே ஒரு வரி எழுதிக்கொள்ளலாமே என்று நீங்கள் கேட்கலாம். வெற்றுத் தாளைக் கண்டால் அவருக்கு நெஞ்சு படபடக்கும்; அது வேறொரு ஏணி. கடைசியில், "சரி, சென்னிமலைகிட்டச் சொல்றேனுங்க" என்றார்.

அவள் ஜெயிக்க வேண்டும் என்று உங்களுக்கு ஆசை. தெரியும். ஒரு வரி எழுதிக் கொடுத்தால் நிம்மதியாகப் புத்தகத்தை மூடிவிடுவீர்கள் என்பதும் தெரியும். அந்த நிம்மதியை நான் தருவதாக இல்லை. நெஞ்சு அடங்கும்வரை நீங்களும் இங்கேயே நில்லுங்கள்.

திங்கட்கிழமை. ஒன்பது ஆக ஒரு நிமிடம். நாற்பது மெசின் ஓடுகிறது. பேக்கிங்கில் நூர்ஜான் டெஸ்ட் பீஸைக் கையில் எடுக்கிறாள். சித்ராதேவியின் கால் பெடலில், விரல் துணியின் மேல். டிடெக்டர் பீப் என்கிறது. அவள் கை