செல்வமாரி படிக்க

கதவை மட்டும் ஒட்டவில்லை பாக்கியத்தாய், சுவர் ஆகிவிட்டது, எரிந்து கறுத்த முனைகளெல்லாம் ஒரே பக்கம் வரும்படி தீக்குச்சிகளை அடுக்கிக் கூரையும் ஆகிவிட்டது, வீட்டுக்கு இடப்பக்கம் ஒரு முருங்கைமரம்கூட வந்துவிட்டது, கதவுக்கான ஏழு குச்சிகளை மட்டும் தனியாக ஒரு துண்டுத் துணியில் ஒட்டி, அந்தத் துணியின் ஓரத்தை நிலையோடு சேர்த்துவிட்டு, சுண்டுவிரல் நகத்தால் திறந்து மூடிப் பார்க்கிறாள், மறுபடி திறக்கிறாள், மறுபடி மூடுகிறாள், காப்பகத்தின் சாப்பாட்டுக்கூடத்தில் சனிக்கிழமை மதிய வெயில் ஜன்னல் கம்பிகளின் நிழலை அவள் மடியில் போட்டிருக்கிறது, எதிரே நான் சிவப்பு மைப் பேனாவோடு உட்கார்ந்திருக்கிறேன். அந்தப் பேனாவை அன்றைக்கே ஜன்னல் வழியாக எறிந்திருக்க வேண்டும்.

முப்பத்திரண்டு வருடம் ஒரு வாரப்பத்திரிகையில் அடுத்தவர் எழுதியதைத் திருத்திச் சம்பளம் வாங்கியவள் நான், ஓய்வு பெற்றதும் கை சும்மா இருக்கவில்லை, சென்னையில் பெரியாஸ்பத்திரிக்குப் பின்னால் வீடில்லாத பெண்களுக்கென்று இருக்கும் ஒரு காப்பகத்துக்குச் சனிக்கிழமைதோறும் போய் அவர்களை எழுத வைக்கிறேன், வரைய வைக்கிறேன் என்று நானாக வலியப் போய் ஏற்றுக்கொண்டேன், குரலில்லாதவர்களுக்குக் குரல் கொடுக்கிறேன் என்று பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னேன், அவர்களுக்குக் குரல் இருந்தது, குழாயடியில் போய் நின்றால் நன்றாகவே தெரியும், கேட்கத்தான் ஆளில்லை, அது எனக்கு அப்போது புரிந்ததாக நினைத்துக்கொண்டிருந்தேன். பத்துப் பேர் வருவார்கள், பாதிப்பேர் பிஸ்கட்டுக்காக, ரெஜினா அதை ஒளிக்கவும் மாட்டாள், இன்னா டீச்சர், சோகக் கதை எழுதுனா கிரீம் பிஸ்கட்டு, சிரிப்புக் கதைக்கு உப்பு பிஸ்கட்டா என்பாள், எல்லோரும் சிரிப்போம், பாக்கியத்தாய் மட்டும் சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு சிரிப்பாள். நான் டீச்சர் இல்லை என்று முதல் வாரம் சொல்லிப் பார்த்தேன், இரண்டாவது வாரம் விட்டுவிட்டேன், அந்தப் பட்டம் எனக்கும் பிடித்துத்தான் இருந்தது.

பாக்கியத்தாய்க்கு என் வயதுதான், அறுபதை ஒட்டி, கோவில்பட்டியில் சிறுவயதிலிருந்து தீப்பெட்டி ஆபீஸில் குச்சி அடுக்கியவள், பிள்ளை பெற்ற பிறகு மாலை வகுப்பில் எழுத்துக் கூட்டக் கற்றவள், ஒவ்வொரு எழுத்தையும் குச்சி அடுக்குவது போலத்தான் வைப்பாள், பக்கத்து எழுத்தோடு இடித்துவிடாமல். சமையல்கட்டில் எரிந்த குச்சிகளையும் எதிர்த்த டீக்கடையில் கீழே கிடப்பவற்றையும் பொறுக்கி ஒரு பவுடர் டப்பாவில் சேர்த்து வைத்திருந்தாள், அதுவரை அதை எதற்கென்று யாரும் கேட்கவில்லை, நான் ஒருநாள் எல்லோரும் அவரவர் வீட்டை வரையுங்கள் என்றதும் டப்பாவைத் திறந்துவிட்டாள். கதவை ஏன் ஒட்டவில்லை என்று கேட்டேன், கேட்டிருக்கிறேன், அதுதான் கொடுமை, கேட்டுப் பதிலும் வாங்கியிருக்கிறேன், அன்னைக்குக் கதவைச் சாத்துனது நாந்தானே டீச்சர் என்றாள், எம்மக செல்வமாரி அவளாப் பாத்து ஒருத்தனைக் கட்டிக்கிட்டு வந்து வாசல்ல நிக்கா, நான் படார்னு சாத்திட்டேன், உள்ளாற தாப்பாளையும் போட்டேன், கொஞ்ச நேரம் நின்னா, பெறகு செருப்புச் சத்தம் கேட்டுச்சு, அம்புட்டுத்தான், பதினோரு வருசமாச்சு. அவள் அழவில்லை, குச்சியில் ஒட்டியிருந்த பசையை நகத்தால் சுரண்டிக்கொண்டே சொன்னாள். புருஷன் இறந்தான், கொழுந்தன்மார் வீட்டை எடுத்துக்கொண்டார்கள், மகள் சென்னையில் இருக்கிறாள் என்று யாரோ எழுதிக் கொடுத்த விலாசத்தோடு ரயிலேறி வந்தாள், அந்த விலாசத்தில் வேறு யாரோ இருந்தார்கள், திரும்பிப்போகவும் வீடு இல்லை, ரயில் நிலையத்தில் கொஞ்ச காலம், பிறகு இந்தக் காப்பகத்தில் நாலு வருடம்.

அவள் எதை எழுதினாலும் ஒரே மாதிரிதான் தொடங்குவாள், மழையைப் பற்றி எழுதுங்கள் என்றாலும் பசியைப் பற்றி எழுதுங்கள் என்றாலும் முதல் நாலு வரி மாறாது, கோவில்பட்டி மேலக்கடைசித் தெரு, தண்ணித்தொட்டிக்கு எதுத்த வரிசை, மூணாவது வீட்டு பாக்கியத்தாய் எழுதுறது, செல்வமாரி படிக்க, தாயி நான் இப்ப சென்னையிலதான் இருக்கேன், அதன் பிறகுதான் மழை, அதன் பிறகுதான் பசி. கூறியது கூறல் குற்றம் என்று படித்து வளர்ந்தவள் நான், அவள் நோட்டை வீட்டுக்கு எடுத்துப்போய் ஒவ்வொரு முறையும் அந்த நாலு வரியை அடித்தேன், ஒரே கோடு, இடமிருந்து வலம், பழகிய கை, வலிக்கவே இல்லை. அதற்குக் கீழே இருந்தவை அருமையாக இருந்தன, பசித்தா வயிறு காந்தும்னு சொல்வாக, எனக்குக் காதுதான் அடைக்கும், யாரு கூப்பிட்டாலும் கேக்காது என்று எழுதியிருந்தாள், அந்த ஒரு வரிக்காகவே புத்தகம் போடலாம் என்று தோன்றியது, போட்டேன், பத்துப் பெண்கள் எழுதியது, பத்துப் பெண்கள் வரைந்தது, ஒரு கண்காட்சியும் வைத்தேன். புத்தகம் அச்சுக்குப் போவதற்கு முந்தைய சனிக்கிழமை அவள் கேட்டாள், இந்தப் புஸ்தகத்தை எத்தன பேரு படிப்பாக டீச்சர், ஆயிரம் பிரதி போடுகிறோம் என்றேன் பெருமையாக, ஆயிரமா என்று கொஞ்சம் யோசித்துவிட்டு, ஆயிரத்துல ஒருத்தி அவளா இருக்க மாட்டாளா என்றாள், இருப்பாள் இருப்பாள் என்றேன். அப்போது என் பையில் இருந்த, அச்சுக்குப் போகும் கடைசிப் படியில் அவள் பெயர் மல்லிகா.

பாதுகாப்பு என்று அதற்குப் பெயர், பத்துப் பேருக்கும் நானே உட்கார்ந்து பெயர் மாற்றினேன், ஊர் மாற்றினேன், யாரையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை, வீடில்லாதவள் என்று ஊருக்குத் தெரிந்தால் அவர்களுக்குத் தலைகுனிவு என்று நானே முடிவுசெய்தேன், கோவில்பட்டியை ஒரு கடலோரச் சிற்றூர் ஆக்கினேன், எதற்குக் கடல் என்று இப்போது கேட்டுக்கொள்கிறேன், அலை ஓசை என்று எழுதினால் அந்த வாக்கியம் நன்றாக முடிந்தது, அதற்காகத்தான், வேறொன்றும் இல்லை. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்பார்கள், நான் பிடித்த குரங்கு பார்க்க மிகவும் அழகாக இருந்தது, அதுதான் வினை. கண்காட்சிக்கு முந்தின நாள் தீக்குச்சி வீட்டைச் சட்டம் போடக் கொடுத்தபோது அந்தக் கதவு நிற்கவில்லை, திறந்து திறந்து கண்ணாடியில் முட்டியது, பத்திரிகைக்குப் படமெடுக்க வந்தவர் நேராகவே வரமாட்டேங்குது மேடம் என்றார், நான்தான் பசையை எடுத்தேன், நான்தான் தடவினேன், கட்டைவிரலால் அழுத்தி, நூறு எண்ணும்வரை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தேன், உள்ளே என்ன இருக்கிறது என்று குனிந்து பார்க்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை இணைப்பிதழில் படம் பெரிதாக வந்தது, கதவு நன்றாக மூடியிருந்தது.

முதல் நாள் காப்பகத்துப் பெண்களை வேனில் அழைத்துவந்தோம், எல்லோரும் தலைவாரிப் பூ வைத்து வந்திருந்தார்கள், ரெஜினா அவள் வரைந்த கோழிக்குப் பக்கத்தில் நின்று வருகிறவர்களிடமெல்லாம் இது என் கோயி, வறுக்காதீங்க என்று சொல்லிக்கொண்டிருந்தாள், பாக்கியத்தாய் தன் வீட்டின் முன்னால் நின்றாள், வெகுநேரம் நின்றாள், கதவு தொறக்கலையே டீச்சர் என்றாள், படத்துக்கு அதுதான் அழகு என்றேன், யாருடனோ பேசிக்கொண்டே அவளைப் பார்க்காமல் சொன்னேன். பிறகு ஓரமாக நாற்காலியில் உட்கார்ந்து புத்தகத்தை விரித்து வரிக்குக் கீழே விரல் வைத்து எழுத்துக் கூட்டிப் படித்தாள், நான் பார்த்துக்கொண்டே இருந்தேன், சந்தோஷப்படுவாள் என்று பார்த்தேன், விரல் ஓரிடத்தில் நின்றுவிட்டது, மேலே போயிற்று, மறுபடி அங்கேயே வந்து நின்றது. யாரு டீச்சர் இந்த மல்லிகா என்றாள். நீங்கதான் என்றேன், உங்க பாதுகாப்புக்காக மாத்தியிருக்கோம் என்றேன். எம் பேரு சொல்ல எனக்கென்ன வெக்கம் என்றாள், அவ பேரையும் காங்கல, தெருவையும் காங்கல, கடலுன்னு போட்டிருக்கு, நான் இங்க வந்துதான கடலையே பாத்தேன், இதைப் படிச்சா அவ எப்பிடி என்னையக் கண்டுபிடிப்பா. அடுத்த பதிப்பில் போட்டுவிடலாம் என்று சொன்னேன், வாய் கூசாமல் சொன்னேன், அவள் புத்தகத்தை மூடி என் கையில் கொடுத்தாள், சரி விடுங்க டீச்சர், நீங்க படிச்சவுக என்றாள். வேனில் ஏறும்போது என்னைத் திரும்பிப் பார்ப்பாள் என்று நின்றிருந்தேன், பார்க்கவில்லை.

மூன்று சனிக்கிழமை அவள் வகுப்புக்கு வரவில்லை, நானும் போய்க் கூப்பிடவில்லை, கூப்பிட்டால் என்ன சொல்வது என்று தெரியாமல் பிஸ்கட்டைப் பங்கிட்டுக் கொடுத்துவிட்டு வந்தேன், நாலாவது சனிக்கிழமை காப்பகப் பொறுப்பாளர் கனகவல்லி வாசலிலேயே சொன்னார், பாக்கியம்மா போயிட்டாங்க மேடம், பைய எடுத்துக்கினு காலையிலயே கெளம்பிட்டாங்க, எங்க போறீங்கன்னா, எம்மகளை நானே தேடிப் பாத்துக்கறேன்னு சொன்னாங்க. நானே என்ற அந்தச் சொல் இன்னும் என்னைச் சுடுகிறது. அன்றைக்குப் பவுடர் டப்பாவை விட்டுவிட்டுப் போயிருந்தாள், அதில் குச்சிகள் பாதிவரை இருந்தன.

கண்காட்சியில் பார்வையாளர்கள் எழுதுவதற்கென்று வைத்த நோட்டு மூன்று மாதம் என் அலமாரியில் கிடந்தது, பாராட்டாகத்தான் இருக்கும், ஆற அமரப் படித்து மகிழலாம் என்று எடுத்து வைத்திருந்தேன், ஒரு மத்தியானம் காப்பியோடு உட்கார்ந்து புரட்டினேன், அருமை, நெகிழ்ந்தேன், மேலும் வளர்க, இப்படியே போய் மூன்றாம் நாள் பக்கத்தில், நீல மையில், சாய்ந்த கையெழுத்தில், பேப்பரில் தீக்குச்சி வீட்டின் படத்தைப் பார்த்துவிட்டு வந்தேன், எங்கள் வீடு மாதிரியே இருந்தது, முருங்கைமரம்கூட அதே பக்கம், எங்கள் அம்மாவும் தீப்பெட்டி ஆபீஸில்தான் வேலை பார்த்தார்கள், ஓடி வந்தேன், ஆனால் இது மல்லிகா என்பவர் வீடு, கடற்கரை ஊர், எங்கள் அம்மா கடலையே பார்த்ததில்லை, இருந்தாலும் கொஞ்ச நேரம் நின்று அழுதுவிட்டுப் போகிறேன், செல்வமாரி, அம்பத்தூர். காப்பி ஆறிப்போனது. மூன்றாம் நாள் நான் அங்கேதான் இருந்தேன், கண்ணை மூடினால் அவள் வருகிறாள், பச்சைச் சுடிதார், தோளில் சாப்பாட்டுப் பை, கண்ணாடிக்கு நெருக்கமாகக் குனிந்து நிற்கிறாள், சுண்டுவிரல் நகத்தால் கண்ணாடியைத் தொடுகிறாள், நான் கையில் டீயோடு அவளைக் கடந்து போகிறேன், இது நடந்ததா, நோட்டைப் படித்த பிறகு நானே சேர்த்துக்கொண்ட கனவா, தெரியவில்லை, கனவிலும் நான் நிற்பதில்லை, யாரிடமோ குரலில்லாதவர்களைப் பற்றிப் பேசிக்கொண்டே கடந்துவிடுகிறேன்.

அம்பத்தூர் என்ன ஒரு தெருவா, ஒன்பது ஞாயிறு அலைந்தேன், ரேஷன் கடைகளிலும் தையல் கம்பெனி வாசல்களிலும் நின்று கேட்டேன், இரண்டு செல்வமாரிகள் கிடைத்தார்கள், ஒருத்தி சாத்தூர், ஒருத்திக்கு அம்மா கூடவே இருந்தார், அந்த அம்மா எனக்கு மோர் கொடுத்தார், குடித்துவிட்டு வெட்கத்தோடு வந்தேன். அன்று வீட்டுக்கு வந்துதான், கண்காட்சி முடிந்ததிலிருந்து என்னிடமே கிடந்த தீக்குச்சி வீட்டின் சட்டத்தைப் பிரித்தேன், ஈரத்துணியைக் கதவின் மேல் போட்டு ஊறவைத்து, பழக்கத்துக்கு மாறாகப் பொறுமையாக, வெங்காயம் நறுக்கும் கத்தியின் நுனியை உள்ளே விட்டு நெம்பினேன், ஒரு குச்சி உடைந்தது, கதவு வந்தது. உள்ளே, அந்த இரண்டு விரல் அகலத்தில், பென்சிலில், எழுத்தோடு எழுத்து இடித்துவிடாமல், வா தாயி, கதவு தொறந்துதான் இருக்கு, பெரியாஸ்பத்திரி பின்வாசல், பச்ச கேட்டு, அம்மா பேரு சொல்லிக் கேளு. இதை என் கட்டைவிரலால் நூறு எண்ணும்வரை அழுத்தியிருக்கிறேன்.

இப்போது அந்த வீடு காப்பகத்தின் வாசல் சுவரில், கண்ணாடி இல்லாமல் தொங்குகிறது, கனகவல்லி தினமும் தூசி தட்டுகிறார், தட்டும்போது கதவு ஆடுகிறது, ஆறு குச்சிதான் இருக்கிறது, ஒன்றின் இடம் வெறுமையாக, மூடினாலும் முழுதாக மூடுவதில்லை, உள்ளே எழுதியிருப்பது சந்து வழியாகக் கொஞ்சம் தெரிகிறது, நான் சனிக்கிழமைகளில் எதிரே உட்கார்ந்து, சுண்டுவிரல் நகத்தால் திறந்து வைத்துவிட்டு இதை எழுதுகிறேன், திருத்தாமல் எழுதுகிறேன், பெயரை மாற்றாமல், தெருவை மாற்றாமல், எத்தனை முறை வந்தாலும் அடிக்காமல். கோவில்பட்டி மேலக்கடைசித் தெரு, தண்ணித்தொட்டிக்கு எதுத்த வரிசை, மூணாவது வீட்டு பாக்கியத்தாய் எழுதுறது, செல்வமாரி படிக்க. உன் அம்மா கதவைத் திறந்துதான் வைத்திருந்தாள் செல்வமாரி, ஒட்டியவள் நான்.