மரத்தில் கட்டிய லெஹுவா மாலை

மாலை வாடக்கூட இல்லை. அதைப் பார்த்ததும் நைனோவாவுக்கு எரிச்சல் தலைக்கேறியது.

சிவந்த லெஹுவா, ஒஹியா மரத்துப் பூக்கள். யாரோ தூண்டில் நரம்பால் ஒஹியா மரத்தில் கட்டியிருந்தார்கள். மனைவி பிலியின் சாம்பலைப் போன வருஷம் இந்த மரத்தடியில்தான் தூவினான். சுற்றிலும் கறுத்துக் கிடந்தது எரிமலைக் குழம்புப் பாறை. குழம்பு விலகிப் போனதால் பிழைத்த துண்டுக் காடு இது. கீழே, தீவின் பூனா பக்கம் ஒஹியாக்கள் பூஞ்சை நோயில் காடுகாடாகக் கருகின. இங்கே ஒன்றுகூடச் சாகவில்லை. வருகிறவர்களையெல்லாம் நிறுத்தி, பூட்ஸைத் தேய்த்துக் கழுவ வைத்து இதைக் காத்தான். வனத்துறையில் அவன் செய்த ஒரே உருப்படியான காரியம் அதுதான்.

நரம்பை விலக்கினான். பட்டையில் புதுக் கீறல்.

மாமியார் நோஹேயா ஹூலா ஆட்டம் சொல்லித்தருபவர். அவன் போனபோது வீட்டு வாசலில் ஆட்டப் பாவாடைகளை உலர்த்திக்கொண்டிருந்தார்.

"அத்தை, மாலை நீங்க கட்டுனதா?"

"வேற யாரு கட்டுவா? பிலிக்காக ஆடினோம். ஆடி முடிச்ச மாலையக் காட்டுக்குத் திருப்பிக் குடுக்கணும்ல?"

"பூ எங்க பறிச்சது?"

"பூனாவுல. எப்பவும் போல."

"அப்ப அங்கதான குடுக்கணும்?"

"எம் பொண்ணு அங்கயா இருக்கா?"



"பட்டையக் கீறியிருக்கே?"

"மாலை நழுவுச்சு. பூ பறிச்ச கத்தியால லேசா ஒரு கீறல். ஏன், மரம் உங்கிட்ட வந்து அழுதுச்சா மாப்ளே?"

"காயம் வழியாத்தான் நோய் உள்ள போகும். கத்தியிலயும் ஒட்டிட்டு வரும். ஊர் பூரா போஸ்டர் ஒட்டியிருக்கேன். உங்க கதவுலயே ஒண்ணு இருக்கு, அத்தை!"

நோஹேயா கதவைத் திரும்பிப் பார்த்தார். "அது வெளியூர்க்காரங்களுக்குன்னு நெனச்சேன்."

கையிலிருந்த பாவாடையைக் கொடியில் போட்டுவிட்டு அவனிடம் திரும்பினார்.

"சோதிச்சுப் பாரேன்."

"சோதிக்கணும்னா துளை போடணும். அதுவும் காயந்தான். நோய் இருந்தா இலை வாடும். வாடுறப்ப மரம் செத்திருக்கும்."

"அவளுக்கும் டாக்டருங்க இப்படித்தான சொன்னாங்க."

அவன் வண்டியை எடுத்தான். கேட்காமலே அவரும் ஏறிக்கொண்டார்.

காட்டு ஓரத்தில் அவரைப் பாறையிலேயே நிற்க வைத்தான். பூட்ஸைக் கழுவிவிட்டு உள்ளே போனான். மாலையை அறுத்துப் பையில் போட்டுக் கட்டினான். கீறலின் மேல் மரக்காயத்துக்குப் பூசும் தாரைத் தடவினான். பலன் இருக்குமா என்று தெரியாது. திரும்பி வந்து பாதையின் குறுக்கே சங்கிலி போட்டுப் பூட்டினான்.

"எப்பத் தொறப்ப?"

"ஒரு வருஷம் ஆகலாம். ரெண்டும் ஆகலாம்."

"நீ மட்டும் போய்ப் பார்த்துக்குவ."

"தினமும் பூனாவுல செத்த மரத்துக்கு நடுவுலதான் அத்தை நிக்கிறேன். எம் மேலயும் நோய் ஒட்டியிருக்கலாம். நானும் போகக் கூடாது."

நோஹேயா அவன் முகத்தைப் பார்த்தார். "நல்லாத்தான் காவல் காத்தோம் ரெண்டு பேரும்" என்றார்.

அவன் பூட்டை இழுத்துப் பார்த்தான். பூட்டியிருந்தது. கை வலிக்க இன்னொரு தடவை இழுத்தான்.