நாற்காலி நகர்ந்த தூரம்

என் வீட்டுக் கூடத்தில், என் மின்விசிறிக் காற்றை வாங்கிக்கொண்டு, என் மனைவி போட்ட தேநீரைக் குடித்துக்கொண்டே என் மாப்பிள்ளை சொன்னார்: "நேர்மைங்கிறது மனுஷங்க பேசி வச்சுக்கிட்டதுதான் மாமா. ஊருக்கு ஊர், ஆளுக்கு ஆள் மாறும்." அந்த நேரம் என் தலையில் ஒரு பானைத் தண்ணீரை வைத்திருந்தால் தெரு முழுக்க வெந்நீர் கொடுத்திருக்கலாம்.

மாப்பிள்ளை கல்லூரியில் தத்துவம் நடத்துகிறவர். மழை பெய்கிறதா என்று கேட்டால்கூட "ஒரு கோணத்துல பாத்தா" என்றுதான் ஆரம்பிப்பார். நான் பேருந்துப் பணிமனையில் முப்பத்தைந்து வருஷம் ஓட்டுநர்களுக்குக் கண் சோதித்து ஓய்வு பெற்றவன். மொத்தம் ஒரு லட்சத்து ஓராயிரத்து ஒன்பது கண்கள். ஒற்றைப்படையில் முடிகிறதே என்பவர்களுக்கு: ஒருவன் கண்ணாடிக் கண்ணோடு வந்து ஏய்க்கப் பார்த்தான். அதைக் கணக்கில் சேர்க்கவில்லை.

பேச்சைக் கிளப்பியவன் என் மச்சான், மனைவியின் தம்பி. பேருந்து ஓட்டுநர். மறுநாள் பத்து மணிக்கு அவனுக்குக் கண் சோதனை. இரண்டு கண்ணிலும் புரை. எதிரே வருவது லாரியா யானையா என்பதை ஹாரன் சத்தத்தை வைத்துத்தான் முடிவு செய்கிறான். அறுவை சிகிச்சை செய்தால் தீர்ந்தது. ஆனால் கத்தி என்று சொன்னாலே காய் நறுக்குகிற இடத்தை விட்டு ஓடுகிறவன் அவன்.

சோதனைப் பலகையில் மூன்று பல் சீப்பு மாதிரி ஒரு குறி வரிசை வரிசையாக இருக்கும். கீழே போகப் போகச் சிறுத்துக்கொண்டே வரும். பல் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று கையால் காட்ட வேண்டும். அந்த வரிசையெல்லாம் எனக்கு மனப்பாடம் என்பது அவனுக்கும் தெரியும்.

"மேல, கீழ, இடது, இடதுன்னு சொல்லிடுங்க அத்தான். பாட்டு மாதிரி உருப்போட்டுக்கிறேன்."

"பாட்டா? வண்டிக்குள்ள நாப்பது உசுரு உக்காந்திருக்கும்டா!"

"காலைல முதல் நடையில ஏழு பேருதான் அத்தான்."

"அப்ப ஏழு பேருன்னா பரவாயில்லையா?"

"வாயில நல்ல வார்த்தையே வராதா உங்களுக்கு?" என்றாள் மனைவி. "இன்னும் நாலு வருஷம்தான் அவனுக்கு. வண்டிய விட்டு இறக்கிட்டா டயர் எண்ண உக்கார வச்சுடுவாங்க."

"டயர் எண்ணவும் கண்ணு வேணும்க்கா" என்றான் மச்சான்.

நியாயம் கேட்டு நான் மாப்பிள்ளை பக்கம் திரும்பியபோதுதான் அந்தப் பொன்மொழி உதிர்ந்தது.

"அப்ப சீப்போட பல்லும் ஊருக்கு ஊர் மாறுமா மாப்பிள்ளை?"

"மாறாது. அது பலகையில இருக்கு, யாரு வேணா பாக்கலாம். 'பொய் சொல்லக்கூடாது'ங்கிறது எந்தப் பலகையில இருக்கு? காட்டுங்க, ஒத்துக்கிறேன்."

நான் கூடத்துச் சுவர்களை ஒரு சுற்றுப் பார்த்தேன். நாட்காட்டிதான் தொங்கியது.

மனைவி விடுவாளா? "பொய்யப் பத்திப் பேசுற ஆளப் பாரு! இவரு சொல்ற பணிமனை எலி போன வாரம் பூனை அளவு இருந்துச்சு. நேத்து கன்னுக்குட்டி ஆயிடுச்சு."

"அது வேற! கன்னுக்குட்டின்னதும் நீ சிரிச்ச. நம்பினியா? நம்பமாட்டேன்னு தெரிஞ்சுதான் சொல்றேன். இவன் நம்ப வைக்கப் போறான். நம்பி ஏறுறவனுக்கு இவன் கண்ணு தெரியாதவன்னு தெரியாது. அதுக்குப் பேருதான் பொய்!"

மாப்பிள்ளையின் புருவம் மரியாதையாக உயர்ந்தது. அதோடு நிறுத்தியிருக்கலாம். "என் சர்வீஸ்ல ஒருத்தனுக்கும் ஒரு நூல் விட்டுக்கொடுத்ததில்ல" என்று சேர்த்துக்கொண்டேன்.

"போன தடவை என்னைப் பாஸ் பண்ணிவிட்டது யாரு அத்தான்?" என்றான் மச்சான்.

மனைவி அவன் பக்கம் திரும்பினாள்.

"தரையில மஞ்சக் கோடு இருக்கும்க்கா. நாற்காலி அதுமேல இருக்கணும். அத்தான்தான் 'முன்னால இழுத்துப் போட்டுக்கடா'ன்னாரு."

"லேசா. ஒரு சாண் இருக்கும்" என்றேன்.

மனைவி என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "எலியக் கன்னுக்குட்டி ஆக்குறவரு நீங்க. இது மட்டும் ஏன் சாணா சுருங்குது?"

உண்மையில் இரண்டு எட்டு தூரம். எனக்கு நன்றாகவே ஞாபகம் இருக்கிறது. புரை இப்போதுதான் ஆரம்பம், சீக்கிரம் அறுவை செய்துகொள்வான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு கையெழுத்துப் போட்டேன்.

கோபம் என் மேலேயே திரும்பியது. ஆனால் வாய் பழக்கத்தில் மாப்பிள்ளை மேல் பாய்ந்தது.

"பலகை கேட்டீங்களே? அன்னிக்கு அந்த ரூம்ல இருந்தது நாங்க ரெண்டு பேரு. ரெண்டு பேரும் பேசி ஒத்துக்கிட்டோம். ஊரு பாக்கல, அதிகாரி பாக்கல. பேசி வச்சுக்கிட்டதுதான் நேர்மைன்னா அது சுத்தமான நேர்மையா இருந்திருக்கணும்ல? அப்புறம் ஏன்யா என் வாயில சாண்னு வருது?"

"அது வளர்ப்பு மாமா. சின்ன வயசுல சொல்லிக்கொடுத்த பயம்..."

"பயமா? சரி, நாளைக்குக் காலைல இவன் வண்டியில முதல் நடை போயிட்டு வாங்க. முன் சீட்டுல!"

மாப்பிள்ளை தேநீர்க் கோப்பைக்குள் எதையோ ஆராய்ந்தார். "நாளைக்கு எனக்குக் கல்லூரி லீவு மாமா. பஸ்ஸே தேவையில்ல."

நான் வெடித்துச் சிரித்தேன். மச்சான் சிரிக்கவில்லை. அவன் அக்காவைப் பார்த்தான்.

"நீ ஏறுவியாக்கா?"

மனைவி கோப்பைகளை அடுக்கினாள். மாப்பிள்ளை குடித்து முடித்திருக்கவில்லை. அதையும் சேர்த்து எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் அவன் முதல் நடைக்குப் போகவில்லை. பத்து மணிக்கு இருவரும் பணிமனைக்குப் போனோம். என் இடத்தில் இப்போது இருப்பது ஒரு பெண். நாற்காலி விவகாரத்தைச் சொன்னதும் எழுதித் தரச் சொன்னார். எழுதினேன். "மேல விசாரிப்பாங்க சார்" என்றார். விசாரிக்கட்டும், இரண்டு எட்டு என்றே அவர்களிடமும் சொல்வேன்.

மச்சான் கோட்டின்மேல் உட்கார்ந்தான். முதல் வரிசைக்குக் கை சரியாகத் திரும்பியது. இரண்டாவதில் தயங்கியது. மூன்றாவதில் அந்தரத்தில் நின்றது.

"தெரியல மேடம்."

"அவசரம் இல்ல. இன்னொரு தடவை நிதானமா பாருங்க."

கையை இறக்கி மடியில் வைத்துக்கொண்டான்.

"வேணாம் மேடம். திருப்பிக் கேட்டா ஏதாவது காட்டிடுவேன்."