கருடன் எடுத்த மீன்

கலியன் இலுப்பை மரத்திலிருந்து இறங்கும்போது ஒரு கையைக் குவித்தபடியே இறங்கினான். துடுப்புக்குக் கிளை பார்க்கத்தான் ஏறியவன். திருமலையின் மனைவி தாயாரம்மாளுக்குத் தம்பி; அக்கா புருஷனை நாலு வார்த்தை கிண்டல் செய்யாவிட்டால் அவனுக்குக் கஞ்சி இறங்காது.

“மாமா, உன் சாமி மேல ஆம்ளேட் போட்டு வச்சிகிறாரு. பாரு.”

திருமலை குனிந்து பார்த்தார். உள்ளங்கையில் மஞ்சளும் வெள்ளையுமாகக் கொழகொழவென்று ஒரு முட்டை. ஓடு என்று சொல்ல ஒன்றுமில்லை. வெங்காயச் சருகு போல ஏதோ ஒன்று. தொட்டதும் விரலோடு ஒட்டிக்கொண்டு வந்தது.

“நீதாண்டா ஒட்ச்ச.”

“பவானியம்மா மேல சத்தியமா இல்ல. நான் ஏறும்போது பருந்து மேல குந்திகினுதான் இருந்துச்சி. எய்ந்து பறந்ததும் பாத்தா, அடியில இப்டிக் கெடக்குது. ரெண்டும்தான். பெத்தவளே குந்தி நசுக்கிகிறா மாமா.”

யார் சொன்னாலும் நம்பாத மனுஷர் திருமலை. மலேரியாக்காரன் சுவருக்கு மருந்தடிக்க வந்தால் கம்பை எடுப்பார். வோட்டுக் கேட்டு வருகிறவனுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து வலை பின்னுவார். ஆற்றுமுகத்துக் குப்பத்தில் அவர் நம்பியது அந்தச் செம்பருந்து ஒன்றைத்தான். முதல் மீன் கருடனுக்கு என்பது அங்கே பாட்டன் காலத்து வழக்கம். கரையில் நின்று ஒரு மீனை மேலே வீசுவார்கள். வெள்ளைக் கழுத்தும் செங்கல் நிறச் சிறகுமாக அது வந்து அந்தரத்திலேயே பிடித்துப்போன பிறகுதான் கூடையைப் பங்கு பிரிப்பது.

ஐந்தாறு வருஷமாக அந்த வழக்கத்துக்கு இன்னொரு வேலையும் வந்து சேர்ந்திருந்தது. மேட்டு வயல்களுக்குப் புது நெல் வந்தது. நெல்லுக்குப் பின்னாலேயே மருந்தும் வந்தது. மடை திறந்து வயல் தண்ணீர் ஆரணி ஆற்றில் விழும் நாளில் மீனெல்லாம் கிறங்கி, வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதக்கும். வலை வேண்டாம், தூண்டில் வேண்டாம், கையாலேயே அள்ளலாம். முதல் தடவை ஒருத்தரும் கை வைக்கவில்லை. திருமலைதான் ஒரு மடவை மீனை எடுத்து வீசினார். கருடன் தின்றது, மறுநாளும் வந்து வட்டமடித்தது. “அவனுக்கு ஒத்துக்கினா நமக்கும் ஒத்துக்கும்” என்றார். அதற்கப்புறம் குப்பத்துக்கு அதுதான் சட்டம்.

கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு மரத்தை அண்ணாந்து பார்த்தார். கூடு வருஷா வருஷம் கட்டத்தான் கட்டுகிறது. குஞ்சு கத்திக் கேட்டு எத்தனை வருஷம் இருக்கும்? நினைவில்லை. கத்தாத ஒன்றை யார் காது கொடுத்துக் கேட்டார்கள்?

“ஊட்ல இத்தப் பத்தி வாயத் தொறக்காத. பொண்ணு காதுல உழக்கூடாது” என்றார். அக்கா மகளைப் பற்றிய பேச்சு என்றதும் கலியன் முகத்தில் சிரிப்பு போய்விட்டது.

சின்னப்பொண்ணுக்கு ஆறு மாசம். இரண்டு தரம் தங்காமல் போன வயிறு. இந்தத் தரம் தங்கினால் பெரியபாளையத்தில் வேப்பஞ்சேலை கட்டி வலம் வருகிறேன் என்று தாயாரம்மாள் நேர்ந்துகொண்டிருந்தாள். உடம்பு தேறட்டும் என்று மூன்றாம் மாசமே மகளை அழைத்து வந்தவர் திருமலை. கருடன் தின்ற அதே மீனில் காலையும் மாலையும் நடுத்துண்டாகப் பொறுக்கி அவள் தட்டில் போட்டவரும் அவரேதான்.

வீட்டுக்குப் போகாமல் நேரே வயலுக்குப் போனார். வயல்காரன் மணவாளன் வரப்பில் நின்று தகர டப்பாவை மூடிக்கொண்டிருந்தான்.

“அதுல இன்னா தம்பி?”

“பூச்சி மருந்து, பெரியவரே. கும்மிடிப்பூண்டி கடைல வாங்கினது. இன்னா, ஒரு முழுங்கு வோணுமா?”

“பருந்து முட்ட ஓடே இல்லாம கீது.”

மணவாளன் விழுந்து விழுந்து சிரித்தான். “பருந்துக்குப் பிரசவம் பாக்கக் கெளம்பிட்டியா? தோ பார், மருந்து அடிக்கலன்னா எனக்கு வெறும் வைக்கோல்தான். அப்புறம் நான் இன்னாத்த துன்றது? உன் ஆளுங்கதான் எப்ப மட தொறப்பேன்னு காத்துக்கினு கெடக்கறாங்க. போன வருஷம் கூடையோட மொத ஆளா நின்னது யாரு? கருடன் துன்னான், நீங்களும் துன்னுங்கோன்னது யாரு?”

திருமலை அவனைத் திட்டத்தான் வந்தார். திட்ட ஆரம்பித்தால் பாதித் திட்டு தனக்கே வந்து சேரும் போலிருந்தது.

“நாளிக்கிக் காத்தால தொறக்கறேன். கூட எத்துனு வா” என்றான் மணவாளன், கோபமில்லாமல்.

அன்றைக்குச் சாப்பாட்டு நேரத்தில் குழம்புச் சட்டியைத் தூக்கி அப்பால் வைத்தார். மகள் விழித்தாள்.

“இன்னா நைனா?”

“மீனு வாணாம். ரசம் ஊத்திக்கோ.”

“நீதான துன்னு துன்னுன்ன? நேத்து வரைக்கும் தட்டுல மலையா கொட்டுன.”

“கெயவனுக்குப் புத்தி கெட்டுப்போச்சி” என்றாள் தாயாரம்மாள். “ஆறு மாசத்துக்காரி வெறும் ரசத்தத் துன்னுட்டு இன்னாத்தப் பெறுவா?”

சொல்லிவிடலாம் என்று வாய்வரை வந்தது. வயிற்றுப்பிள்ளைக்காரியை எதிரே வைத்துக்கொண்டு, அதுவும் இரண்டைப் பறிகொடுத்தவளிடம், உடைந்த முட்டை என்ற சொல்லை எப்படி எடுப்பது? வாயால் சொன்னதே பலித்துவிட்டால்? அவருக்கும் உறுதியாக ஒன்றும் தெரியாது. அவள் அந்த வீட்டில் தின்ற ஒவ்வொரு துண்டையும் போட்ட கை எது என்பது மட்டும் தெரிந்தது. எழுந்து கை கழுவினார்.

காலையில் மடை திறந்தாயிற்று. கலங்கல் தண்ணீர் இறங்கியதும் மடவையும் கெளுத்தியும் ஒவ்வொன்றாக மல்லாந்தன. குப்பமே கூடையும் குண்டானுமாகக் கரையில் நின்று திருமலையைப் பார்த்தது. மேலே கருடன் சுற்றிக்கொண்டிருந்தது.

“வீசுய்யா, வெயில் ஏறுதில்ல?” என்றாள் லட்சுமியம்மாள், குண்டானை இடுப்பில் மாற்றி வைத்துக்கொண்டு.

“இந்த மீனு வாணாம்.”

“ஏன் வாணாம்?”

“வாணாம்னா வாணாம். ஊட்டுக்குப் போங்க.”

“ஊட்ல இன்னா, உன் பொஞ்சாதி ஆக்கி வச்சிகிறாளா எங்களுக்கு?”

கரை முழுக்கச் சிரித்தது. வேறொரு நாளாக இருந்தால் கலியன்தான் முதலில் சிரித்திருப்பான். அவன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

திருமலை இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். அவர் வீசாவிட்டால் யாரும் இறங்க மாட்டார்கள். அது அவர் கணக்கு. கருடன் அவர் தலைக்கு மேலேயே ஒரு சுற்று தாழ்ந்து வந்தது. கத்தியது. இன்னொரு சுற்று. பிறகு சிறகை ஒடுக்கிக்கொண்டு நேராக ஆற்றில் விழுந்து, மிதந்த மடவை ஒன்றைக் காலில் இடுக்கிக்கொண்டு எழும்பியது.

“தானே எட்த்துக்கிச்சிடா!” என்று எவனோ கூவினான். அவ்வளவுதான். கன்னத்தில் போட்டுக்கொண்டே அத்தனை பேரும் தண்ணீரில் இறங்கினார்கள்.

அந்தக் கும்பலில் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஒருத்தி மெல்ல, வழுக்காமல், காலைத் துழாவி வைத்துப் போவதைத் திருமலை பார்த்தார். வேட்டி நனைவதும் தெரியாமல் அவள் பின்னால் இறங்கினார். அவர் போய்ச் சேர்வதற்குள் சின்னப்பொண்ணு மடி நிறைய அள்ளியிருந்தாள்.

“கொட்டு.”

“கருடனே எட்த்துனு போனாரு நைனா. பாத்த இல்ல? இன்னும் இன்னா?”

அவர் கையை நீட்டியபடியே நின்றார். கிறங்கிக் கிடந்த மீன்களில் ஒன்று அவள் ஈரச் சேலைக்குள் சட்டென்று துடித்தது. அதோடு சேர்ந்து மற்றவையும் அடித்துக்கொள்ள, ஒன்றும் நழுவிவிடாமல் அவள் இரண்டு கைகளாலும் மடியை வயிற்றோடு சேர்த்து இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.