குறையில்லாத விமானம்

கரையான்சாவடியில் எழில் குடியிருந்த ஃபிளாட்டில் ஒரு சின்ன அறை மிச்சமாக இருந்தது. அதில் பூஜை சாமான்களை வைக்கலாம் என்று அவன் மனைவி வித்யா நினைத்திருந்தாள். அதற்குள் பழைய கார் சீட் ஒன்று, ஜாய்ஸ்டிக், கால் மிதிகள், மூன்று திரைகள் என்று எல்லாம் வந்து இடத்தைப் பிடித்துக்கொண்டன. சாமி சமையலறை அலமாரியிலேயே தங்கிவிட்டார்.

எழிலுக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு வாகன உதிரிபாகக் கம்பெனியில் டிசைனர் வேலை. பகலெல்லாம் பிரேக் பாகங்கள் வரைவான். வீட்டுக்கு வந்தால் போர் விமானம் வரைவான். அதிலும் நிஜத்தில் பறந்த விமானங்கள் மேல் அவனுக்கு அவ்வளவு பிடிப்பு இல்லை. பிறக்காமலே போனவைதான் அவனுக்கு வேண்டும். அந்தக் காலத்தில் நம் நாட்டுக்கு நல்ல எஞ்சின் ஒன்று கிடைத்திருந்தால் என்ன மாதிரி விமானம் செய்திருப்போம் என்று யோசித்து, இறக்கையிலிருந்து திருகாணிவரை வரைந்து, கம்ப்யூட்டர் விளையாட்டுக்குள் பறக்க விடுவான். இப்படிப்பட்ட கிறுக்கர்கள் ஊர் ஊராக இருந்தார்கள். அவர்களுக்கென்று இணையத்தில் ஒரு குழு இருந்தது. பூந்தமல்லியில் மொபைல் கடை வைத்திருந்த சுலைமானும் அதில் ஒருவன், எழிலுக்கு நெருங்கிய சிநேகிதன்.

எழில் செய்ததிலேயே உசத்தி 'வல்லூறு'. ஒற்றை எஞ்சின், நீண்ட மூக்கு, பின்னால் சாய்ந்த இறக்கை. அதற்காக இரண்டு வருஷம் உழைத்திருந்தான். குழுவில் ஒரு வழக்கம் உண்டு. விமானத்தை மட்டும் கொடுத்தால் போதாது, அதற்கு ஒரு சரித்திரமும் எழுத வேண்டும். எப்போது பிறந்தது, யார் ஓட்டினார்கள், ஏன் கைவிடப்பட்டது. எழில் கடைசிக் கேள்வியில் மாட்டிக்கொண்டான். இவ்வளவு அருமையான விமானத்தை ஏன் கைவிட வேண்டும்? ஒரு விபத்து நடந்திருக்கலாம். ஆனால் வல்லூறில் ஒரு குறை இருந்தது என்று எழுத அவனுக்குக் கை வரவில்லை.

அப்போதுதான் ரேணுகா சொன்ன கதை ஞாபகம் வந்தது.

ரேணுகா வித்யாவோடு வேலை பார்ப்பவள், வீடு பட்டாபிராமில். வித்யா டெங்குவில் ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்களில் எழிலுக்குத் துணையாக வந்து வராந்தாவில் உட்கார்ந்திருப்பாள். பேச்சு விமானத்தின் பக்கம் போனதும், யாரிடமும் சொல்லாததை எல்லாம் அவனிடம் சொன்னாள். அவள் தம்பி கௌதம் விமானப்படையில் பைலட். ஒரு பயிற்சிப் பறப்பில் பறவை மோதி எஞ்சின் நின்றுவிட்டது. எதிரே ஒரு சந்தை. ஆளில்லாத ஆற்று மணலுக்கு விமானத்தைத் திருப்பிவிட்டுக் குதிக்கப் பார்த்தான், அதற்குள் தரை வந்துவிட்டது. எஞ்சினைக் கிளப்பும்போதெல்லாம் "போலாம் ராஜா" என்று விமானத்திடம் சொல்வானாம், வண்டிமாட்டிடம் சொல்வதுபோல. அதைச் சொல்லும்போது ரேணுகா சிரித்தாள்.

எழில் பேரை மாற்றினான், ஊரை மாற்றினான். பறவை, சந்தை, ஆற்று மணல் எல்லாவற்றையும் அப்படியே வைத்துக்கொண்டான். "போலாம் ராஜா"வைச் சுலைமான் குரலில் பதிவு செய்து சேர்த்தான். முடிவில் ஒன்றை மட்டும் திருப்பினான். பறவை மோதியும் வல்லூறு தாங்கியது, எஞ்சின் திரும்பக் கிளம்பியிருக்கும். பைலட்தான் பயந்துபோய்ச் சீக்கிரமே குதித்துவிட்டான், ஆளில்லாத விமானம் சந்தையில் விழுந்தது, அதோடு திட்டத்தையே கைவிட்டார்கள் என்று எழுதினான். விமானத்தின் மேல் பழி இல்லை. அந்தப் பறப்பையே விளையாட்டாகவும் அமைத்து, அவன் கோட்டைவிட்டதை நீங்கள் செய்து காட்டுங்கள் என்று தலைப்புக் கொடுத்தான்.

குழுவில் அது பற்றிக்கொண்டது. இவ்வளவு உயிரோட்டமாக எப்படி எழுதினாய் என்று எங்கெங்கிருந்தோ கேட்டார்கள். விமானத்தைக் காப்பாற்றிய படங்களைப் போட்டார்கள். அந்தப் பைலட்டுக்குக் 'கோழை ராஜா' என்று பட்டப்பேரும் வைத்தார்கள். எழிலும் அதற்குச் சிரிக்கும் பொம்மை ஒன்றைப் போட்டான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ரேணுகாவைச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தாள் வித்யா. சுலைமானும் வந்திருந்தான். சாப்பாடு ஆனதும் எழில் மாடியில் துணி எடுக்கப் போனான். திரும்பி வருவதற்குள் சுலைமான், ரேணுகாவை அந்தக் கார் சீட்டில் உட்காரவைத்து, காதில் ஹெட்போனை மாட்டிவிட்டிருந்தான்.

"ஒரு தபா ஓட்டிப் பாருக்கா. நம்ம மச்சான் பண்ணதுதான், ஊரே ஆடிக்கினு கீது."

வாசலில் துணிக்குவியலோடு நின்ற எழிலுக்குத் திரை தெரிந்தது. எஞ்சின் கிளம்பியது. ஹெட்போனில் "போலாம் ராஜா" கேட்டிருக்கும், ரேணுகாவின் தோள்கள் இறுகின. திரையில் கதைச் சுருக்கம் வரி வரியாக ஏறியது. அவள் கடைசிவரை படித்தாள். ஜாய்ஸ்டிக்கைத் தொடவில்லை. வல்லூறு தானாகவே போய் எதிலோ மோதி நின்றது.

அவள் ஹெட்போனைக் கழற்றி மேஜைமேல் வைத்தாள்.

"என் தம்பி அப்படிக் குதிக்கல, எழில்."

அவ்வளவுதான் சொன்னாள். வித்யாவிடம் தலைவலி என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். சுலைமானுக்கு விஷயம் புரிந்ததும், தன் குரலைத்தானே அவள் கேட்டாள் என்று தலையில் கை வைத்துக்கொண்டான். வித்யா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "பேரை மாத்திட்டா ஆளு மாறிடுவாரா?" என்று மட்டும் கேட்டாள். ஒரு கற்பனை விமானத்தின் பேர் கெடக் கூடாது என்று செத்தவன் ஒருவனைக் கோழையாக்கியிருக்கிறோம் என்பது அவனுக்கு அப்போதுதான் முழுதாக உறைத்தது.

அன்றே அந்த விளையாட்டைக் குழுவிலிருந்து எடுத்தான். ஆனால் அது ஏற்கெனவே பல கைகளுக்குப் போயிருந்தது. ஒவ்வொருவருக்கும் எழுதி அழிக்கச் சொன்னான். சிலர் அழித்தார்கள். ஒருவன் அதையே கொஞ்சம் மாற்றித் தன் பேரில் போட்டிருந்தான். கற்பனைக்கு எதற்கு இவ்வளவு அமர்க்களம் என்று திருப்பிக் கேட்டான். எழுதும்போது எழிலும் தனக்குத் தானே அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தான்.

மன்னிப்புக் கேட்காமல் இருக்க முடியவில்லை. ஒரு சனிக்கிழமை காலை பட்டாபிராமுக்குப் போனான். கதவைத் திறந்தது ரேணுகாவின் அம்மா ஜெகதாம்பாள். அவர் கணவர் ஆவடியில் டாங்கி தொழிற்சாலையில் வேலை பார்த்து, குவார்ட்டர்ஸைக் காலி செய்தபின் கட்டிய வீடு அது. கணவர் இப்போது உயிரோடு இல்லை.

"கம்ப்யூட்டர்ல ப்ளேன் பண்ற தம்பி நீங்கதானா? ரேணு சொல்லியிருக்கா, உள்ள வாங்க" என்றார்.

உட்காரவைத்து, கேட்காமலே மகனைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். சந்தையில் இருந்தவர்கள் பிழைத்ததை ஓர் அதிகாரி வீடு தேடி வந்து சொன்னதையும், தனக்கு அது பெருமையா கோபமா என்று இன்னும் தெரியாததையும் சொன்னார். பிறகு கொஞ்சம் கூச்சத்தோடு கேட்டார்.

"அவன் ஓட்டுன ப்ளேனை உங்க கம்ப்யூட்டர்ல காட்ட முடியுமா தம்பி? உள்ள உக்காந்தா வெளிய என்ன தெரியும்னு பாக்கணும்."

"அம்மா, நான் ஒண்ணு சொல்லணும்" என்று எழில் ஆரம்பித்தான்.

ரேணுகா உள்ளேயிருந்து வந்து, அடுப்பில் பால் பொங்குகிறது என்று அம்மாவை அனுப்பினாள். அவனை வாசலுக்கு அழைத்துப் போனாள்.

"சொல்லிட்டா உங்க மனசு லேசாயிடும். அம்மாவுக்கு?"

"நான் பண்ணது தப்பு. வேற எப்படி..."

"தப்புதான். அதை அம்மா தலையில ஏத்தாதீங்க. நீங்களே வெச்சுக்கோங்க." கொஞ்சம் நிறுத்தி, "ப்ளேனை மட்டும் காட்டுங்க. ஆசையாக் கேக்கறாங்க" என்றாள்.

அடுத்த வாரம் லேப்டாப்போடு போனான். கௌதம் ஓட்டிய நிஜ விமானத்தைக் காலை வெயிலில், வயல்களுக்கு மேலே, எதுவும் மோதாமல் பறக்க விட்டான். ஜெகதாம்பாள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, வயல் எது, ரோடு எது என்று கேட்டுக்கொண்டே பார்த்தார். இவ்வளவு உயரத்திலிருந்து பார்த்தால் ஜனங்களே தெரியவில்லையே என்று ஆச்சரியப்பட்டார்.

கிளம்பும்போது அவன் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நல்லா இருப்பீங்க தம்பி. என் புள்ளைக்காக இவ்வளவு தூரம் யார் மெனக்கெடுவா?"

ரேணுகா கதவோரம் நின்று அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். எழில் தலையை ஆட்டினான். அவர் கட்டிக் கொடுத்த முறுக்குப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு படி இறங்கினான். அடுத்த மாதமும் வரச் சொல்லியிருந்தார். சரி என்று சொல்லியிருந்தான்.