வளைவு நடுவர்

என் மனைவி மார்லிஸைப் போல ஒரு ஓட்டப் பயிற்சியாளர் தெற்கு டகோட்டாவிலேயே கிடையாது என்று நான் சொன்னால், பெண்டாட்டிதாசன் என்பார்கள். சொல்லட்டும். முப்பத்தெட்டு வருஷம் தானியக் கிடங்கில் லாரிகளுக்கு எடை போட்டவன் நான். முள் காட்டியதை அப்படியே சொல்லித்தான் பழக்கம். ஒரே ஒரு நாள் தவறினேன். அந்த நாளின் கதைதான் இது.

எங்கள் வெஸ்ஸல் ஊரில் இருப்பது சின்னக் கல்லூரி. அறுநூறு பிள்ளைகள் படித்தால் அதிகம். பெரிய பல்கலைக்கழகத்துப் பயிற்சியாளர்கள் விசிலை ஊதிவிட்டு நின்றால் போதும், மற்றதைப் பார்க்கப் பத்து ஆட்கள் இருப்பார்கள். இங்கே எல்லாமே மார்லிஸ்தான். வேன் ஓட்டுவாள். பெண்களின் சீருடைகளை எங்கள் வீட்டு மெஷினில் போட்டுத் துவைப்பாள். காலையில் முதலுதவி வகுப்பு எடுப்பாள், மதியம் ஓட்டப் பாதையில் புல் வெட்டுவாள். குளிர்காலம் முழுக்கப் பண்ணை வீட்டுச் சமையலறைகளில் உட்கார்ந்து, அந்தந்த வீட்டு அம்மா வெட்டி வைக்கிற கேக்கைத் தின்றுகொண்டே, "உங்க பொண்ணை எங்கிட்ட அனுப்புங்க, நான் பாத்துக்கறேன்" என்று பேசிப் பேசித்தான் அணி சேர்ப்பாள். பெரிய இடத்திலிருந்து இரண்டு முறை அழைப்பு வந்தது. இரண்டு முறையும், "அங்க போனா புல் வெட்ட விட மாட்டாங்க" என்று சொல்லிவிட்டாள்.

அவள் பயிற்சி கொடுப்பது கிராஸ் கன்ட்ரி. வயல், மேடு, ஓடைக்கரை என்று ஆறு கிலோமீட்டர். ஓர் அணிக்கு ஏழு பெண்கள் ஓடுவார்கள். அவர்களில் முதலில் வந்து சேர்கிற ஐந்து பேர் பிடித்த இடங்களைக் கூட்டுவார்கள். எந்த அணியின் கூட்டல் குறைவோ அந்த அணிக்குக் கோப்பை. அதனால் முதல் பெண் எவ்வளவு பறந்தாலும், ஐந்தாவது பெண் சொதப்பினால் எல்லாம் போச்சு.

"மொத ஆளைக் கடவுள் அனுப்புவாரு. அஞ்சாவது ஆளை நான்தான் செய்யணும்" என்பாள் மார்லிஸ்.

அந்த வருஷத்து ஐந்தாவது ஆள் பிரின் என்ற பெண். கல்லூரி பேண்டில் தன்னைவிடப் பெரிய டியூபாவைத் தூக்கிக்கொண்டு ஊதுகிறவள். முதல் வருஷம் இரண்டு கிலோமீட்டர் ஓடிவிட்டு வேலியைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தாள். மார்லிஸ் அவளை மூன்று வருஷம் விடவில்லை. முன்னால் ஓடுகிற நான்கு பேருக்குத் தலைவி டீகன். நால்வரும் தோளோடு தோள் ஒட்டி ஓடுவார்கள், அப்படி ஓடத்தான் மார்லிஸ் பழக்கியிருந்தாள்.

எட்டுக் கல்லூரிகள் சேர்ந்த எங்கள் கூட்டமைப்பில் மார்லிஸ் இருபத்தேழு வருஷத்தில் நான்கு முறை இரண்டாவதாக வந்திருக்கிறாள். முதலாவதாக ஒரு தரம்கூட இல்லை. டன்ரிட்ஜ் கல்லூரியின் டுவைட் மட்டும் பதினொரு கோப்பை வைத்திருக்கிறான். இறுதிப் போட்டி எட்டு வருஷத்துக்கு ஒருமுறைதான் எங்கள் ஊருக்கு வரும். அந்த அக்டோபரில் வந்தது. மார்லிஸுக்கு அப்போது அறுபது வயது. சொந்த மண்ணில், இப்படி ஓர் அணியோடு, இனி ஒரு வாய்ப்பு வருமா என்பது எனக்குத் தெரியவில்லை. அவள் ஜெயிக்க வேண்டும் என்று அவளைவிட எனக்குத்தான் ஆசை அதிகம்.

பாதையின் தொலைதூர மூலையில், தனியாக ஒரு பாப்லர் மரம் நிற்கிறது. அங்கேதான் பெரிய வளைவு. அந்த வளைவுக்கு நடுவர் நான். சின்னக் கல்லூரிப் போட்டிகளில் நடுவர்கள் எல்லாம் யாராவது ஒருவரின் புருஷனோ பெண்டாட்டியோதான். என் வேலை சுலபம். கவிழ்த்த வாளியின் மேல் உட்கார்ந்திருக்க வேண்டும். யாராவது குறுக்கே புகுந்தால் துடைப்பக் கட்டையில் கட்டிய மஞ்சள் கொடியைத் தூக்க வேண்டும். தலைமை நடுவர் வந்து கேட்டால் பார்த்ததைச் சொல்ல வேண்டும். அதுவரைக்கும் நான் கொடியைத் தூக்க வேண்டிய அவசியமே வந்ததில்லை.

பழைய பாதை மரத்துக்கும் வேலிக்கும் நடுவே போகும். அந்த இடத்தில் தரையில் வாழ்கிற அணில்கள் வளை தோண்டிவிட்டன. செப்டம்பரில் ஒரு பெண்ணுக்குக் கால் பிசகிற்று. அதனால் மார்லிஸ் பாதையைத் திருப்பி, பிளம் புதரைச் சுற்றிக்கொண்டு போகும்படி வைத்தாள். அதில் அறுபது மீட்டர் கூடிற்று. தொடக்கக் கோட்டை அறுபது மீட்டர் முன்னால் தள்ளிச் சரிசெய்தாள். போட்டியன்று காலை கொடிகளை நட்டுக்கொண்டிருந்தபோது நான் கேட்டேன்.

"பழைய வழிக்குக் குறுக்க ஒரு கயிறு கட்டட்டுமா?"

"எதுக்கு? கொடி இருக்கு. ஓடறவளுக்குக் கண்ணு இருக்கு."

"வெளியூர்ப் பிள்ளைங்க தெரியாம..."

"வெளியூர்ப் பிள்ளைங்க கொடியைப் பாத்துத்தான் ஓடும். எம் பொண்ணுங்களுக்கு இந்த எடம் கண்ணை மூடினாலும் தெரியும். நீ வாளியை எடுத்துட்டுக் கெளம்பு, மனுஷா."

கிளம்பினேன். வழியில் டுவைட் காபி டம்ளரோடு நின்றான்.

"என்ன வெர்லின், இந்த வருஷமும் உன் வீட்டுக்காரி எங்களுக்குப் பின்னாலயே வருவாளா, இல்ல அதுக்கும் பின்னாலயா?"

"உன் பிள்ளைங்க முதுகுல நம்பரைப் பெருசா எழுதச் சொல்லு. தாண்டிப் போற வேகத்துல எங்க பொண்ணுங்களுக்கு அதைப் படிக்க நேரம் இருக்காது."

வாய்தான் எனக்குச் சரியாக வரும்.

பத்து மணிக்குத் துப்பாக்கி வெடித்தது. வடக்குக் காற்று காதைப் பிய்த்தது. பதினாறு நிமிஷம் கழித்து முதலில் டன்ரிட்ஜ் பெண்கள் இருவர் வந்தார்கள். கொடியைப் பார்த்துப் புதரைச் சுற்றி ஓடினார்கள். அவர்களுக்குப் பின்னால் இன்னும் சிலர். அப்புறம் கொஞ்ச தூரம் விட்டு, எங்கள் நால்வர். டீகன் முன்னால், மூவர் அவள் தோளை ஒட்டி. என்ன அழகு தெரியுமா! நான் வாளியிலிருந்து எழுந்துவிட்டேன்.

டீகன் மரத்துக்கு வந்தாள். கொடியை அவள் பார்க்கவே இல்லை. மூன்று வருஷமாக நூறு தடவை திரும்பிய இடத்தில் கால் தானாகத் திரும்பிற்று. மரத்துக்கும் வேலிக்கும் நடுவே புகுந்தாள். மூவரும் அவள் பின்னாலேயே போனார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் நால்வரும் அந்தப் பக்கம் வெளியே வந்துவிட்டார்கள். அறுபது மீட்டர் ஓடாமலே மிச்சம். முன்னால் போனவர்கள் திரும்பிப் பார்க்கவில்லை. பின்னால் வந்தவர்களுக்குப் புதர் மறைத்தது. பார்த்தவன் நான் ஒருவன்தான்.

கொடி கையில்தான் இருந்தது. முழங்கால் உயரம் வரை தூக்கினேன். இருபத்தேழு வருஷம் அவள் மெஷினில் போட்ட சீருடைகளை நினைத்தேன். கையை இறக்கிவிட்டேன்.

பிறகு பிரின் வந்தாள். தனியாக, முகம் சிவந்து, ஒவ்வொரு கொடியாகக் கண்ணால் எண்ணிக்கொண்டு. புதரைச் சுற்றி ஒழுங்காக ஓடினாள். அவளுக்குப் பின்னால் வந்தவர்களும் அப்படியே. கடைசி ஆள் தாண்டியதும் வாளியை என் சின்ன லாரியில் போட்டுக்கொண்டு முடிவுக் கோட்டுக்கு ஓட்டினேன். கொடியை ஏனோ கட்டையோடு சுருட்டி வைத்தேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது பெண்கள் கட்டிப் பிடித்துக்கொண்டு அலறிக்கொண்டிருந்தார்கள். மூன்று, நான்கு, ஆறு, ஏழு, பதினெட்டு. கூட்டினால் முப்பத்தெட்டு. டன்ரிட்ஜுக்கு நாற்பத்தொன்று. வெஸ்ஸல் கல்லூரி முதலிடம். அம்மாக்கள் சில்லிக் குழம்பும் சின்னமன் ரோல் பன்னும் வைத்திருந்த மேஜையை விட்டுவிட்டு ஓடி வந்தார்கள். கல்லூரித் தலைவர் மேட்டில் நின்று தொப்பியை ஆட்டினார்.

மார்லிஸ் மட்டும் குதிக்கவில்லை. கிலோமீட்டர்க் கம்பத்துக்குக் கம்பம் குறுக்கே ஓடி ஒவ்வொருத்தியின் நேரத்தையும் பிடித்திருந்த கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு நேராக என்னிடம் வந்தாள்.

"நாலாவது கிலோமீட்டருக்கும் அஞ்சாவதுக்கும் நடுவுல என்ன நடந்துச்சு, வெர்லின்?"

"ஓடினாங்க."

"டீகன் அந்தத் துண்டை நாலு நிமிஷத்துக்குக் கொறைஞ்சு ஒரு நாளும் ஓடினதில்ல. இன்னிக்கு மூணு நாப்பத்தாறு. சரி, அவளுக்கு றெக்க மொளச்சுதுன்னு வை. நாலு பேருக்கும் ஒரே நேரத்துலயா மொளைக்கும்? பிரின் எப்பவும்போல நாலு பதினாறு."

"காத்து பின்னாலேர்ந்து தள்ளியிருக்கும்."

"அங்க காத்து மூஞ்சிக்கு நேரா அடிக்குது. வேலியைப் பாத்துப் பேசாத. என்னைப் பாரு."

பார்த்தேன்.

"பழைய வழியா?"

"ஆமா."

"நாலு பேருமா?"

"நாலு பேரும்."

"கொடி?"

"தூக்கல."

அவள் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"ஏன்?"

"உனக்காகத்தான், மார்லிஸ். வேற எதுக்கு?"

"எனக்காக." அவள் கடிகாரத்தைப் பைக்குள் போட்டாள். "பல வருஷத்துக்கு முன்னாடி டுவைட் எங்கிட்ட வந்து கேட்டான். அந்த மூலையில யாரும் இருக்க மாட்டாங்க, அங்க போய் உம் புருஷனை நிக்க வைக்கிறியே, நாங்க எப்படி நம்பறதுன்னு. எம் பொண்ணுங்க தப்புப் பண்ணா மொதல்ல தூக்கற கை அவரோடதாத்தான் இருக்கும்னு சொன்னேன். அதுக்கப்புறம் அவன் ஒரு வார்த்தை கேட்டதில்ல. எட்டுக் காலேஜுலயும் ஒருத்தரும் கேட்டதில்ல."

எனக்கு அவமானமாக இருந்தது. கிடங்கில் ஒரு மூட்டை கூட மாற்றிச் சொல்லாதவன், சொந்த மனைவியின் தராசில் கை வைத்துவிட்டேன்.

"கொடியைக் குடு. நான் போய்ச் சொல்றேன்" என்று கையை நீட்டினாள்.

"வேணாம். பாத்தவன் நான். நான்தான் சொல்லணும்."

"அப்ப நட. பரிசு கொடுக்கறதுக்கு முன்னாடி."

இருவரும் போனோம். தலைமை நடுவர் பழைய பள்ளிக்கூட வாத்தியார், காது கொஞ்சம் மந்தம். அதனால் நான் கத்திச் சொல்ல வேண்டியதாயிற்று. பக்கத்தில் நின்ற அத்தனை பேரும் கேட்டார்கள். அவர் என் கையில் சுருட்டியிருந்த கொடியையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அப்ப ஏன்யா தூக்கல?"

"தூக்க மனசு வரல."

அவர் நான்கு பெயர்களையும் அடித்தார். மீதி மூன்று பேரை வைத்து அணிக் கணக்கே போட முடியாது. எங்கள் கல்லூரி முதலிடத்திலிருந்து பட்டியலை விட்டே போய்விட்டது. டுவைட் தொப்பியைக் கழற்றிக்கொண்டு வந்தான்.

"மார்லிஸ், நீங்க ரெண்டு பேரும் சொல்லலேன்னா எனக்குத் தெரிஞ்சே இருக்காது."

"அனுதாபம் எல்லாம் அப்புறம் காட்டு. சீக்கிரம் போய் உன் கோப்பையை வாங்கு. எம் பொண்ணுங்க குளிர்ல நிக்குது."

நால்வரையும் அழைத்து அவளே சொன்னாள். டீகன் விம்மிவிட்டாள்.

"நான்தான், கோச், முன்னாடி போனேன். காலு தானா போயிடுச்சு."

"தெரியும். அந்தக் காலைப் பழக்கினது யாரு? நான். குறுக்க ஒரு கயிறு கட்டுவோம்னு வெர்லின் சொன்னாரு. எம் பொண்ணுங்களுக்கா வழி தெரியாதுன்னு நான்தான் திமிரா வேணாம்னேன். உங்க பங்கு உங்களுக்கு, எம் பங்கு எனக்கு. மூக்கைத் தொடைங்க. இன்னும் ஒரு பரிசு இருக்கு, எல்லாரும் முன்னால வாங்க."

முதல் பதினைந்து பேருக்குப் பதக்கம் உண்டு. மேலே நான்கு பெயர்கள் போனதில் பதினெட்டாவது பெண் பதினாலாவது ஆகியிருந்தாள். "பிரின், வெஸ்ஸல் கல்லூரி" என்று கூப்பிட்டார்கள். அவள் கையில் சின்னமன் ரோலை வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். டீகன்தான் பின்னாலிருந்து தள்ளிவிட்டாள். மார்லிஸ் அப்போதுதான் அழுதாள். சத்தமாக, வெட்கமே இல்லாமல் அழுதாள்.

பேருந்துகள் போன பிறகு கொடிகளைப் பிடுங்கினோம். மார்லிஸ் பாப்லர் மரத்தடிக்கு வந்து, லாரியிலிருந்து இரண்டு முளைகளை எடுத்துப் பழைய வழியின் இரு பக்கமும் அடித்தாள். நடுவே கயிற்றை இழுத்துக் கட்டினாள்.

"போட்டிதான் முடிஞ்சு போச்சே" என்றேன்.

"அடுத்த செப்டம்பர்ல நம்ம ஊர்ப் போட்டி வருதுல்ல. இந்த ஏழு பேர்ல ஆறு பேர் திரும்பி வர்றாங்க. பிரின்னை நாலாவது ஆளாக்கப் போறேன்." முடிச்சை இறுக்கிவிட்டு நிமிர்ந்தாள். "எட்டு வருஷம் கழிச்சு இறுதிப் போட்டி இங்க வர்றப்ப எனக்கு அறுபத்தெட்டு. நான் இருப்பேன். உனக்கு எழுபத்தாறு. வாளி சரிப்படாது, நாற்காலி கொண்டா."

"இன்னும் நான்தானா இங்க?"

"வேற யாரு? தூக்காம இருந்தா எப்படி இருக்கும்னு இன்னிக்குப் பாத்துட்ட. இனிமே உன்னால தூக்காம இருக்க முடியாது."

மஞ்சள் கொடியைப் பிரித்து, மடிப்பை நீவி என் கையில் கொடுத்தாள். நான் வாங்கிக்கொண்டேன். காற்றில் அது படபடவென்று அடித்தது. வீடு வரை அதைச் சுருட்டாமலே கொண்டு போனேன்.